ஏட்டம்மாவின் கம்பிக்குத் தப்பிய பானை

கம்பியை மண்ணுக்குள் இறக்கி, ஒரு திருகு திருகி, மெல்ல இழுத்து, நுனியை மூக்குக்குக் கீழே பிடிப்பாள். கண் தானாக மூடிக்கொள்ளும். பிறகு நுனியைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, ஒரு எட்டு நகர்ந்து மறுபடி இறக்குவாள். இப்படி ஒரு வரப்பு முழுக்க முகர்ந்து முடித்தால்தான் காலைக் காப்பி தொண்டையில் இறங்கும். குற்றாலத்துச் சாரல் முகத்தில் அறைந்தாலும் சரி, முதுகுவலி என்று முந்தின நாள் ஊரைக் கூட்டியிருந்தாலும் சரி, கம்பி முகராத காலை என்று ஒன்று கிடையாது. மற்ற பெண்கள் பால் வாங்கப் போகிற நேரத்தில் அவள் பூமிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பாள்.

முப்பிடாதியம்மாள் என்று கேட்டால் அச்சன்புதூரில் ஒருவருக்கும் தெரியாது. ஏட்டம்மா என்றால் கோழிகூடத் திரும்பிப் பார்க்கும். மதுவிலக்குப் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சாராய ஊறல் போடுகிறவர்கள் கருப்பட்டியையும் வேலம்பட்டையையும் தண்ணீரில் போட்டு, பானை வாயைக் கட்டி, காட்டுக்குள் புதைத்து வைப்பார்கள். மேலே சருகைப் பரப்பிவிட்டால் புதைத்தவனுக்கே இடம் மறந்துபோகும். ஏட்டம்மாவின் கம்பிக்கு மட்டும் மறக்காது. கல்லில் பட்டால் கம்பி ‘ணங்’ என்று திமிராகப் பதில் சொல்லும். பானையில் பட்டால் ‘டொக்’. கதவைத் தட்டினதும் உள்ளேயிருந்து யாரோ “யாரு?” என்று கேட்பது போல இருக்கும் என்பாள். அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் கம்பியின் மறுமுனையால் பதில் சொல்லி, ஒரே போடாகப் போட்டு உடைத்துத்தான் பாதி ஆயுசைக் கழித்தாள்.

இப்போது அவளுக்கு வேலை, மண்ணுக்குள் புதைத்த பானைகளுக்குக் காவல்.

அச்சன்புதூரிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற வண்டிப்பாதை முடிகிற இடத்தில் கணேசமூர்த்தியின் ஒயின் தோட்டம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தேருக்கு முதல் வடம் பிடித்த குடும்பம். முள்மரம் மண்டித் தரிசாகக் கிடந்த உடைங்காட்டை வேரோடு பிடுங்கித் திராட்சை போட்டார். “தாத்தா வடம் பிடிச்சாரு, பேரன் கொடி பிடிச்சிக்கிட்டு நிக்கான்” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அரசாங்கத்தில் உரிமம் வாங்கி, காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பளபளவென்ற எவர்சில்வர் தொட்டி விற்கிறவர்கள் காரில் வந்து பார்த்தார்கள். “இரும்புக்குள்ள கெடந்தா அது ஊர்பேர் தெரியாத அநாதை. மண்ணுக்குள்ள கெடந்தாத்தான் நான் இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு வாயத் தொறந்து சொல்லும்” என்று அவர்களைக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

தேன்பொத்தைச் சூளையில் சொல்லி வைத்துச் சுட்ட மொடாக்கள் அங்கே. ஆள் உள்ளே இறங்கினால் கழுத்து மட்டும் வெளியே தெரியும். உள்பக்கம் தேன்மெழுகு பூச்சு. கழுத்து வரை புதைத்து, மிதித்த திராட்சையைத் தோலும் கொட்டையுமாக ஊற்றி விடுவார்கள். பொடி தூவுவது, மருந்து கலப்பது எதுவும் கிடையாது. தோலில் ஒட்டிக்கொண்டு வந்த நுரைப்புத்தான் வேலை செய்ய வேண்டும். கொதிப்பு அடங்கினதும் ஓட்டு மூடி வைத்து, புற்றுமண்ணைக் குழைத்துத் துணியில் தோய்த்துச் சுற்றிச் சுற்றிப் பூசுவார்கள். மருந்து வடிக்கிற வைத்தியர்கள் போடுகிற அதே சீலைமண். தோட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு: எந்த மண்ணில் காய்த்ததோ அந்த மண்ணில்தான் புதைக்க வேண்டும். செம்மண் செவலில் காய்த்தது செவலுக்குள்ளே. கரிசலில் காய்த்தது கரிசலுக்குள்ளே. ஓடையோரத்துக் கொடியில் காய்த்தது ஓடை மணலுக்குள்ளே.

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையில் எண்ணெய் வடிய வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், தரையோடு தரையாக மண் பூசிய வாய்கள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஒரு மதுரைக்கார அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “பழைய காலத்துல ஆளைப் பொதைக்கிற தாழி மாதிரி இருக்கே” என்று மெல்லக் கேட்டாள். டிராக்டர் ஓட்டுகிற மாரிராஜ் முகத்தைத் துளிகூட மாற்றாமல் சொன்னான்: “உள்ள இருக்கவுக இன்னும் சாவல மேடம். பேசிக்கிட்டுத்தான் கெடக்காவ. வேணும்னா காதை வச்சுப் பாருங்க.” அந்த அம்மாள் வைத்துப் பார்த்தாள். பேசிக்கொண்டுதான் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் காரை விட்டு இறங்கவில்லை.

மொடாக்கள் பேசுவதைக் கேட்பதுதான் ஏட்டம்மாவின் காப்பிக்குப் பிந்திய வேலை. மண்ணில் முழங்காலிட்டு, கன்னத்தை மூடியில் பதித்துப் படுப்பாள். முதலில் சந்தைக்கடை இரைச்சல். பிறகு இரண்டு பேர் ரகசியம் பேசுகிற முணுமுணுப்பு. கடைசியில், தூங்குகிறவன் மூச்சு. கரிசலில் இன்னொரு சத்தமும் உண்டு. சாரல் பிடித்துவிட்டால் கரிசல் தண்ணீர் குடித்து உப்பி, புதைந்த மொடாவை நாலு பக்கமும் நெரிக்கும். அதன் விலா முனகுவது மண்ணுக்கு மேலே நிற்கிற ஆளின் பாதத்தில் ஏறும். “அமுக்குது” என்பாள் ஏட்டம்மா. “அமுக்கட்டும். அப்பதான் உண்மையைக் கக்கும்.” எவனையோ விசாரிக்கிற குரல்தான் அது. இத்தனைக்கும் இன்றுவரை ஒரு சொட்டை நாக்கில் வைத்தவள் இல்லை. யாராவது கோப்பையை நீட்டினால், “சாட்சி குடிக்கப்படாது” என்று தள்ளிவிடுவாள்.

இந்த வேலைக்குச் சொக்கம்மாளைக் கொண்டுவந்து சேர்த்தது அவள்தான்.

மொடா புதைக்கத் தெரிந்த கை வேண்டும் என்று கணேசமூர்த்தி ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார். காவலுக்கு வந்த ஏட்டம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள்.

“ஒருத்தி இருக்கா தம்பி.”

“கை சுத்தமாக்கா? அனுபவம் உண்டுமா?”

“நானே எத்தனையோ வாட்டி பிடிச்சு உள்ள தள்ளியிருக்கேன். இதைவிடப் பெரிய சர்டிபிகேட்டு எந்தக் காலேஜில குடுப்பான்?”

சொக்கம்மாள் சீசன் மாதங்களில் ஐந்தருவிப் பாதையில் கொய்யாவும் கிராம்பும் விற்பாள். மற்ற மாதங்களில் இந்த உடைங்காட்டுக்குள்ளேதான் பானை புதைத்தாள். அதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தோட்டத்து வாசலில் கம்பியோடு நின்ற ஏட்டம்மாவைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

“ஏட்டி சொக்கு, நில்லு. இது வேற கேசு.”

“எத்தன வருசம்?”

“சம்பளத்தோடட்டி.”

அன்றைக்குச் சொக்கம்மாள் செவலில் ஒரு சிட்டிகை, கரிசலில் ஒரு சிட்டிகை, ஓடை மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னாள்: “செவலு எங்க வீட்டுக்காரரு மாதிரி மொதலாளி. சட்டுனு சூடாவும், சட்டுனு ஆறும். அதுல கெடந்தது நாக்குல சுரீர்னு வச்சுட்டு ஓடிரும். ஓடை மணலு ஒங்கள மாதிரி. என்ன ஊத்துனாலும் சரி சரின்னு வாங்கிக்கிடும். கரிசலு இந்தா நிக்காளே, இவள மாதிரி. பிடிச்சா விடாது. ஆனா தொண்டைய விட்டு எறங்கவும் எறங்காது.” மூன்று மண்ணிலும் ஒயின் எடுத்துக் குடித்துப் பார்த்தபோது கணேசமூர்த்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் அவள் சொன்ன ஆளாகவே இருந்தது. பாட்டில் காகிதத்தில் மண்ணின் பெயரையே போட்டார். கீழே சின்ன எழுத்தில்: திராட்சை மட்டும்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் திருடனும் போலீசும் ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றார்கள். பேச்சு மட்டும் பழைய கேஸ் பேச்சு. “தெக்க ஓடைக்குள்ள வச்சியே, அந்தப் பானைய நான் எப்படிப் பிடிச்சேன் தெரியுமாட்டி? எறும்பு வரிசை போச்சு.” “அது நான் ஒனக்குன்னே விட்ட பானை ஏட்டம்மா. பாவம், மாசக் கடைசி, கேசு இல்லாம மூஞ்சி வாடிப்போய்க் கெடந்தே.” எந்தச் சண்டையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும். சோற்றுக் கையை உதறிக்கொண்டு சொக்கம்மாள் சொல்லுவாள்: “எத்தனையோ ஒடச்சே. ஒண்ணு மட்டும் ஒன் கம்பிக்குத் தப்பிக் கெடக்கு. இந்த மண்ணுலதான் கெடக்கு.”

“எங்கனட்டி?”

“கம்பி வச்சிருக்கது நீயா நானா?”

காலைக் கம்பி, அவள் அதை முதன்முதலாகச் சொன்ன நாளில் தொடங்கியதுதான். முதலாளியிடம் கறையான் பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். முதலாளியும் நம்புவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

போன புரட்டாசியில் சொக்கம்மாள் படுத்துவிட்டாள். மஞ்சள் ஏறிய கண்ணோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சுச் சுளையில் நாரெடுத்துக்கொண்டே ஏட்டம்மா கடைசி விசாரணையை நடத்தினாள்.

“இப்பவாவது சொல்லித் தொலைட்டி. எங்கன வச்சே?”

சொக்கம்மாள் வெகுநேரம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, பிறகு சொன்னாள்: “சொன்னா நீ ஒடச்சிருவே. ஒடச்சுட்டு வீட்டுக்குப் போயிருவே. நீ தேடிக்கிட்டு இருக்க வரைக்கும் நான் எங்க போயிருவேன், சொல்லு?”

சுளையை வாங்கித் தின்றாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாளும் ஏட்டம்மா கம்பியோடு வந்து நின்றாள். முன்பு ஓர் எட்டுக்கு ஒரு தடவை இறக்கினவள், இப்போது அரை எட்டுக்கு ஒரு தடவை இறக்கினாள். மண்ணைப் பார்த்து வாய்விட்டு ஏசவும் செய்தாள். மாரிராஜுக்கு அது பிடிக்கவில்லை. “பொறத்தால யாரோ பதில் சொல்லுத மாதிரியே நிப்பா ஏட்டக்கா. அந்தப் பக்கம் டிராக்டர ஓட்டிட்டுப் போவ மாட்டேன்” என்று முதலாளியிடம் முறையிட்டான்.

உண்மையான கலக்கம் இந்த வருஷச் சாரலில் வந்தது. செவலின் மேற்குக் கோடியில் இருந்த கடைசி மொடாவைத் திறந்த அன்று, கணேசமூர்த்தி ஒரு கரண்டி மொண்டு வாயில் வைத்தார். வைத்தவர் விழுங்காமல் நின்றார். செவல் சுரீர் என்று குத்திவிட்டு ஓடவில்லை. உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பின்னால் புகை போல, துவர்ப்பு போல ஒன்று. அதற்கும் பின்னால், யாரோ வாய்க்குப் பக்கத்தில் வந்து மூச்சு விட்டதைப் போல, கிராம்பு.

ஏட்டம்மா கோப்பையைத் தொடவில்லை. மேலே குனிந்து முகர்ந்தாள். அவள் கழுத்து மயிர் சிலிர்த்ததை மாரிராஜ் பார்த்தான். வேலம்பட்டையும் கருப்பட்டியும் எல்லோரும் போடுவார்கள். பானைக்கு ஒரு கைப்பிடி கிராம்பை இடித்துத் துணியில் முடிந்து போடுகிற கை இந்த மலையடிவாரத்திலேயே ஒன்றுதான். அந்தக் கை எரிந்து சாம்பலாகி வருஷம் திரும்பப் போகிறது. இந்த மொடாவுக்கு மூடி போட்டதே அவள் போன பிறகுதான்.

கணேசமூர்த்திக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. அவருடைய பயம் வேறு. “திராட்சை மட்டும்னு எழுதி விக்கேன்க்கா. யாரோ கையை வச்சிருக்கணும், இல்லன்னா மண்ணுல எதுவோ கெடக்கு. நாலு நாள் பொறுக்கேன். நீங்க போலீசு, நீங்களே கண்டுபிடிங்க. மண்ணுதான்னா அது எந்த எடம்னு காட்டுங்க, ஜேசிபிய விட்டுப் பொரட்டி அள்ளி வெளிய கொட்டிருதேன். இன்னைக்கு ஒரு மொடா, நாளைக்கு எல்லாத்துலயும் ஏறும்.”

ஏட்டம்மாவுக்கு வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு கேஸ் கிடைத்தது. முதல் சந்தேகம் மாரிராஜ்மேல். மோட்டார் அறை வாசலில் அவனை உட்கார வைத்தாள். கம்பியைக் குறுக்கே போட்டுக்கொண்டாள்.

“லே மாரி, கிராம்பு எங்கன வாங்குனே?”

“எனக்குப் பல்வலியே கெடையாதுக்கா.”

“பல்வலி இப்ப வரும். அந்த மொடாவுக்கு மூடி போட்டது யாரு?”

“நாந்தான். சொக்காச்சி போன பெறவு வேற யாரு இருக்கா?”

“அவ போட்ட மாதிரியேதான் போட்டியா? ஒண்ணையும் மாத்தலியே?”

மாரிராஜ் காலால் மண்ணைக் கிளறினான். “ஒண்ணே ஒண்ணு. வாய்க்கால் புத்துல மண்ணு கரைஞ்சு போச்சு. கடைசி மொடாவுக்கு மட்டும் கொறஞ்சுது. மேக்க நிக்கே சாமிப் புத்து, அதுல ஒரு சட்டி எடுத்தேன். கும்பிட்டுட்டுத்தான்க்கா எடுத்தேன்! சூடத்துக்குப் பதிலா ஒரு தீக்குச்சி கூடக் கிழிச்சேன்.”

“அதுல என்னலே தப்பு?”

“தப்பில்ல. சொக்காச்சிதான் அதைத் தொட விடமாட்டா. ஒருநா நான் மம்பட்டியத் தூக்கிக்கிட்டுப் போனதுக்கு வெளக்குமாத்த எடுத்துட்டு வந்துட்டா. அது ஏட்டம்மா கும்பிடுத சாமி, தொட்டா கை வெளங்காதுன்னா.”

ஏட்டம்மா மேற்கே திரும்பிப் பார்த்தாள். கம்பியை மெல்லத் தரையில் ஊன்றினாள். அவள் முகத்தில் ரத்தம் சுண்டியது போலிருந்தது என்று மாரிராஜ் பிறகு சொன்னான்.

மேற்குப் புற்று. இது உடைங்காடாக இருந்த காலத்திலிருந்து அவளுக்குத் தெரிந்த புற்று. ரெய்டுக்கு வந்த ஒரு நாள் அது திடீரென்று அங்கே நின்றது. முழங்கால் உயரம், மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது. பக்கத்தில் சொக்கம்மாள் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். “நாகம் குடிவந்திருக்கு ஏட்டம்மா” என்றாள். கம்பியோடு வந்தவள் பூட்ஸைக் கழற்றினாள். தொப்பியைக் கழற்றினாள். காக்கிச் சட்டையோடு மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் கம்பி படாத இடம் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் புற்றும் அதன் காலடியும்தான். மகன் வளர்ந்து பட்டாளத்துக்குப் போன பிறகு, அவன் முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் முட்டை வைத்தாள். மறுநாள் முட்டை இருக்காது. நாகம் குடித்துவிட்டது என்று உடம்பு புல்லரிக்கும். மகனும் முழுசாகத்தான் திரும்பி வந்தான்.

அன்றைக்குப் பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருந்தது. மலை முழுக்க மேகம். சாரல் விழுகிற சத்தம்கூட இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. கணவாய்க் காற்று திராட்சைப் பந்தலின் கம்பிகளை மீட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தோட்டத்து மயில்கள் எந்த வரப்பையும் கிளறாமல் விட்டதில்லை. மேற்குக் கோடியில் மட்டும் ஒரு நகக்கீறல் கிடையாது. இத்தனை நாளும் சாமிக்கு அவை கொடுக்கிற மரியாதை என்றுதான் ஏட்டம்மா நினைத்திருந்தாள்.

கொடி, தழை, கல், அவள் சேலை எல்லாம் நனைந்து கனத்தன. புற்று மட்டும் ஈரமில்லாமல் நின்றது. இப்போது ஆள் உயரம். கறையான் உண்மையாகவே வந்து, அடிமண்ணை ஒவ்வொரு பொடியாக மேலே சுமந்து கட்டி எழுப்பிய உண்மையான புற்று. அடியில் எது கிடக்கிறதோ அதன் வாசம் ஏறிய மண். மாரிராஜ் வெட்டி எடுத்த குழி இன்னும் தூர்ந்திருக்கவில்லை. ஏட்டம்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது.

செருப்பைக் கழற்றினாள். கை தானாகக் கூப்பிக்கொண்டது. கூப்பின கையைப் பார்த்து அவளுக்கே கோபம் வந்தது, பயமும் வந்தது. கீழே இருப்பது சாமி என்றால் கம்பி இறக்குவது பாவம். பானை என்றால் இத்தனை வருஷம் கும்பிட்டது? “எதுவா இருந்தாலும் கோவிச்சுக்கிடாத” என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, புற்றின் காலடியில் சரித்துக் கம்பியை இறக்கினாள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்துக்கொள்வதைப் போல இறங்கிற்று.

டொக்.

யாரு?

கம்பியை உருவினாள். துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. நுனியை முகர வேண்டிய அவசியமே இல்லை. கருப்பட்டி, வேலம்பட்டை, இடித்துத் துணியில் முடிந்த கிராம்பு. ஏட்டம்மா மண்ணில் குப்புறப் படுத்துக் காதைத் துளையில் வைத்தாள். ஒரு பானை ஊறல் ஒரு வாரம் பேசும். மிஞ்சிப் போனால் இரண்டு வாரம். பிறகு செத்துப் புளித்து அடங்கிவிடும். அவள் மகன் மீசை முளைக்கும் முன் புதைத்த பானை இது. அது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஏறி, இறங்கி, நடுவில் ஒரு களுக்கென்று சிரிப்பு வைத்து, தூக்குச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பழைய கேஸ் பேசுகிற அதே இழுவையில் முணுமுணுத்தது.

கை பழக்கதோஷத்தில் கம்பியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. ஒரே போடு. சர்வீசில் தப்பின ஒரே பானை. இதை உடைத்தால் தோற்காதவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகலாம். ஓங்கின கம்பி சாரலில் நனைந்துகொண்டு அப்படியே நின்றது.

“ஏட்டி சொக்கு,” என்றாள் துளையைப் பார்த்து. “வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் வச்ச முட்டையெல்லாம் தின்னது நீதானாட்டி?”

முணுமுணுப்பு நின்றது. பிறகு களுக்கென்று ஒன்று கேட்டது. மறுபடி பேச்சைத் தொடங்கிற்று.

ஏட்டம்மா கம்பியைக் கீழே வைத்தாள். வரப்பிலிருந்து ஒரு கை மண் எடுத்து, சாரல் ஈரத்தில் பிசைந்து, சேலைத் தலைப்பில் ஒரு முழம் கிழித்து அதில் தோய்த்தாள். சீலைமண்ணைத் துளைக்குள் திணித்து, பெருவிரலால் அழுத்தி அழுத்தி, உள்ளேயிருந்து ஒரு மூச்சுகூட வெளியே கசியாமல் பூசினாள். மாரிராஜ் வெட்டின குழியையும் அடைத்துத் தடவிவிட்டாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையைச் சரிசெய்கிறவள் மாதிரி இருந்தது என்று யாராவது சொன்னால் அடித்துவிடுவாள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

குடையோடு கணேசமூர்த்தி பந்தலுக்குள் வந்தபோது அவள் கைகழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, கேசு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது தம்பி. ஒருத்தரும் கை வைக்கல. மண்ணுதான்.”

“மண்ணுன்னா? எந்த எடம்? நாலு நாளும் முடிஞ்சுது, ஜேசிபிக்காரன் காலைல வாரேன்னுட்டான்.”

“வரவேண்டாம்னுருங்க. நம்ம சாமிப் புத்து மண்ணுல மூடி போட்டுருக்கான் இந்த மாரிப்பய. அந்த மண்ணோட கொணம் அது. எறங்கிட்டு. பொரட்டுனா கொணமும் போவும், குடியிருக்கவுகளுக்குக் கோவமும் வரும். இனிமே அதுல ஒருத்தனும் கை வைக்காம நான் பாத்துக்கிடுதேன்.”

“அப்ப அந்த மொடாவ என்ன செய்ய? கொட்டிரலாமா?”

“கொட்டாதீய. விக்கவும் செய்யாதீய. மூடியப் போட்டு வைங்க, கெடக்கட்டும்.”

கணேசமூர்த்தி கிழிந்த சேலைத் தலைப்பைப் பார்த்தார். மேற்கே புற்றைப் பார்த்தார். தேருக்கு முதல் வடம் பிடித்த குடும்பத்துக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். செல்லை எடுத்து ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலையில் சாரல் கொஞ்சம் விட்டிருந்தது. இனிக் கம்பிக்கு வேலை இருக்காது என்று நினைத்துக்கொண்டு மாரிராஜ் காப்பித் தூக்கைக் கொண்டுவந்தான். ஏட்டம்மா தோட்டத்தின் கிழக்குக் கோடியில் நின்றாள். மேற்குப் புற்றிலிருந்து அதைவிடத் தூரமான இடம் அந்தத் தோட்டத்தில் கிடையாது. கம்பியை இறக்கி, ஒரு திருகு திருகி, மெல்ல இழுத்து, நுனியை மூக்குக்குக் கீழே பிடித்துக் கண்ணை மூடினாள். பிறகு மேற்குப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி, தொண்டையைத் திறந்து கத்தினாள்:

“ஏட்டி, இங்கனயும் இல்லையேட்டி! எங்கனதாம்ட்டி வச்சே?”

நுனியைத் துடைத்துவிட்டு ஒரு எட்டு நகர்ந்தாள்.